வடிகாலை அகலப்படுத்தினால் தண்ணீர் வடிந்துவிடுமா?

2021 நவம்பர் 7 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் சுமார் 21 செ.மீ. மழை பதிவானது. தி.நகர், மேற்கு மாம்பலம் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. 1920-களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி தி.நகர். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என்ற பெயர் அந்த ஏரியின் மிச்சம். மழைக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில், வெள்ளத்தைத் தணிக்க வழி சொல்ல, அரசு ஒரு குழு அமைத்தது. வடிகால் பணிகளும் வேகம் பிடித்தன. "எங்கள் தெருவுக்கும் பெரிய வடிகால் போடுங்கள்" என்று ஒவ்வொரு வார்டிலும் மக்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த வடிகால் வேலை செய்யுமா என்பது பெரும்பாலும் அந்தத் தெருவில் முடிவாவதில்லை, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் முடிவாகிறது.

முதலில் மழைக் கணக்கு. 21 செ.மீ. மழையை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி மணிக்கு 9 மி.மீ.கூட வராது. அப்படிச் சீராகப் பெய்திருந்தால் சுமாரான வடிகாலே தாங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டு, கொட்டித் தீர்க்கிற மழை. அதனால் பொறியாளர் பார்ப்பது நாள் மொத்தத்தை அல்ல, ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கொட்டும் என்பதை. 10 ஹெக்டேர் குடியிருப்பு, தரையெல்லாம் தாரும் கான்கிரீட்டும், மழையில் 80 சதவீதம் ஓடிவருகிறது, மணிக்கு 50 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். பரப்பு, மழை வேகம், ஓடிவரும் விகிதம் மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.1 கன மீட்டர் வரும். வடிகால் கடத்த வேண்டிய அளவு இதுதான்.

1.2 மீட்டர் அகலமும் அதே ஆழமும் கொண்ட கான்கிரீட் வடிகால் இதற்குப் போதுமா? 2,000-க்கு 1 வாட்டம், அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம் இருந்தால், அது விளிம்புவரை ஓடும்போது விநாடிக்குச் சுமார் 1.17 கன மீட்டர் கடத்தும். போதும். ஆனால் அடியில் 40 செ.மீ. வண்டல் படிந்தால் இது 0.7 ஆகிவிடுகிறது. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போனது, ஓட்டத்தில் 40 சதவீதம் போய்விட்டது. இடம் குறைவதோடு வேகமும் குறைவதால் வரும் இழப்பு இது. வேகம் விநாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே இறங்கினால் மணல் மேலும் படியும். தூர்வாரிய சேற்றை வடிகால் ஓரமே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது உள்ளேயே திரும்பிவிடும். அன்றே லாரியில் ஏற்றாத தூர்வாரல் வீண் வேலை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சென்னை தட்டையான நிலம், கடலும் பக்கத்தில். ஒரு தெருவின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3.4 மீட்டர், வடிகால் 2 கிலோமீட்டர் ஓடி அடையாற்றில் சேர்கிறது என்று கொள்வோம். ஆற்றில் வெள்ளம் ஏறி 3 மீட்டரில் நிற்கிறது. இப்போது வடிகாலின் அடித்தளம் எந்தச் சாய்வில் கட்டப்பட்டது என்பது பயன்படாது. தண்ணீரைத் தள்ளுவதற்கு இருப்பது இரு நீர்மட்டங்களுக்கும் இடையிலுள்ள 40 செ.மீ. மட்டுமே. வாட்டம் 5,000-க்கு 1 ஆகிறது. அதே வடிகால் மேல்மூடிவரை நிரம்பி, 0.6 கன மீட்டர்தான் கடத்தும். இந்த நிலையில் அகலப்படுத்துவது உண்மையிலேயே உதவும். ஆறு இன்னும் 40 செ.மீ. ஏறிவிட்டால் எவ்வளவு அகலமான வடிகாலும் உதவாது. ஆற்றுநீர் அதன் வழியாகவே தெருவுக்குள் வரும். கூவம், அடையாறு முகத்துவாரங்களில் சேரும் மணல்திட்டை அகற்றுவது தி.நகர் தெருவுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை என்பதற்குக் காரணம் இதுதான். தி.நகர் வழியாக ஓடும் மாம்பலம் கால்வாய் அடையாற்றில்தான் சேர்கிறது.

வடிகால் ஆற்றில் சேரும் முனையான கடைவாயில் ஒருவழிக் கதவு பொருத்தினால் ஆற்றுநீர் உள்ளே ஏறாது. ஆனால் கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் தெருத் தண்ணீரும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதை மோட்டார் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். விநாடிக்கு 1 கன மீட்டர் நீரை 3 மீட்டர் உயர்த்த, 70 சதவீதத் திறனுள்ள பம்புக்குச் சுமார் 42 கிலோவாட் தேவை. கனமழையில் முதலில் நிற்பது மின்சாரம் என்பதால் டீசல் ஜெனரேட்டர் இல்லாத பம்பை நம்பக் கூடாது.

இன்னொரு வழி, தண்ணீரை ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பது. 1.1 கன மீட்டர் வருகிற இடத்தில் வடிகால் 0.7-தான் கடத்துகிறது என்றால், மணிக்கு ஏறக்குறைய 1,450 கன மீட்டர் மிஞ்சும். ஒரு மீட்டர் ஆழக் குளத்துக்கு ஆறரை கிரவுண்ட் நிலம் வேண்டும். 10 ஹெக்டேர் குடியிருப்பில் ஒரு பூங்காவைத் தாழ்த்தினாலே கிடைக்கிற இடம் இது. 2024-இல் மீட்கப்பட்ட கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளங்கள் வெட்டியது இந்தக் காரணத்துக்காகவே. அகலப்படுத்த இடமில்லாத பழைய தெருக்களுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை என்பது என் கருத்து.

வடிகால் சரியாக இருந்தும் தெருவில் தண்ணீர் நின்றால், சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் நடைபாதை ஓரத் துளைகளைப் பாருங்கள். 15 செ.மீ. உயரத் துளை இருக்கும் சாலையில் பழைய தாரைச் சுரண்டாமல் 5 செ.மீ. கனத்தில் இரண்டு முறை புதுத் தார் போட்டால் மிஞ்சுவது 5 செ.மீ. சந்து. ஒரு பிளாஸ்டிக் பை போதும் அடைக்க. வடிகாலுக்குக் குறுக்கே போகும் கேபிள் குழாய்களும் இப்படித்தான்: குழாயில் துணி சிக்கும், துணியில் குப்பை சேரும், அந்த இடமே தடுப்பணையாகிவிடும்.

தண்ணீர் வடியாத அவசரத்தில் கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் வழக்கம் கைவிட வேண்டிய ஒன்று. கழிவுநீர்க் குழாய் மழைநீருக்கான அளவில் போட்டதல்ல. அது நிரம்பினால் தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியாக மேலே வரும்.

புதிதாகக் கட்டும்போது கடைவாயில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். மேல்தெருவை முதலில் முடித்தால், கீழே இணைப்பு வராத மழைக்காலத்தில் அது அடுத்த தெருவை மூழ்கடிக்கும். மேல்மூடிக் கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு 30 மீட்டருக்கும் அடிமட்டத்தை லெவல் கருவியால் அளந்து எழுதி வைக்க வேண்டும். 2,000-க்கு 1 வாட்டத்தில் 30 மீட்டருக்கான இறக்கம் ஒன்றரை செ.மீ. மட்டுமே. கீழ்முனை 2 செ.மீ. தூக்கிவிட்டாலே அந்தத் துண்டு எதிர்வாட்டமாகும். மழை நின்ற பிறகும் அதில் தண்ணீர் தேங்கும், வண்டல் படியும், கொசு பெருகும். மூடிய பிறகு அதைச் சரிசெய்ய உடைத்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.