முக்கும்போது மட்டும் தெரியும் ஹெர்னியா

மலம் முழுமையாகக் கழியவில்லை என்ற உணர்வோடு கழிப்பறையில் நெடுநேரம் உட்காரும் பெண்களும், பிறப்புறுப்பை ஒட்டி விரலால் அழுத்தினால்தான் மலம் வெளியேறுகிறது என்பதை யாரிடமும் சொல்லாதவர்களும், எங்கள் ஸ்கேன் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அவர்கள் கொண்டுவரும் பழைய வயிற்று ஸ்கேன் அறிக்கைகள் எல்லாமே 'இயல்பு' என்றுதான் சொல்கின்றன. இடுப்புக்கூட்டின் உள்ளுறுப்புகள் இடம் நழுவிக் கீழிறங்கும் இடுப்புத்தள ஹெர்னியாதான் பலரின் தொல்லைக்குக் காரணம். படுத்து ஓய்வாக இருக்கும் நிலையில் எடுத்த படத்தில் இந்த நோய் தெரியாமல் போவதே அதற்கு முக்கியக் காரணம்.

இடுப்புக்கூட்டின் அடிப்பகுதியைத் தாங்கும் தசைகளும் இணைப்புத் திசுக்களும் தளரும்போது, முன்புறம் சிறுநீர்ப்பையும் நடுவில் கருப்பையும் கீழிறங்கலாம். பின்புறம் மலக்குடலின் முன்சுவர் யோனியை நோக்கிப் புடைக்கலாம், இதை ரெக்டோசீல் என்கிறோம். யோனிக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் சிறுகுடல் இறங்கினால் அது என்டரோசீல். பிரசவம், முதுமை, நாள்பட்ட மலச்சிக்கல், கருப்பை நீக்க அறுவை ஆகியவை இந்தத் தளர்ச்சிக்கு வழிவகுக்கின்றன. ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. கைப்பரிசோதனையில் என்டரோசீலையும் ரெக்டோசீலையும் பிரித்தறிவது கடினம் என்பதால், அறுவைக்கு முன் படம் எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இதற்கான பரிசோதனை டிஃபிகோகிராஃபி, அதாவது மலம் கழிக்கும் செயலையே படம் எடுப்பது. எம்.ஆர்.ஐ. முறையில், அல்ட்ராசவுண்ட் ஜெல்லை மலக்குடலில் செலுத்தி, ஆசனவாயை இறுக்கும்போதும் முக்கும்போதும் அந்த ஜெல்லை வெளியேற்றும்போதும் தொடர்ச்சியாகப் படம் எடுக்கிறோம். கதிர்வீச்சு இல்லை, முன், நடு, பின் என மூன்று பகுதிகளையும் ஒரே நேரத்தில் காணலாம். மலக்குடல் நிரம்பியிருக்கும்வரை என்டரோசீல் இறங்க இடமிருக்காது, அது காலியான பிறகே வெளிப்படும் என்பதால், வெளியேற்றும் கட்டம் இல்லாத பரிசோதனையை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை. கூச்சத்தால் பலர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். அந்தக் கூச்சத்தை மதித்து, திரையிட்டு, முன்கூட்டியே பொறுமையாக விளக்குவது எங்கள் கடமை. அது இல்லாவிட்டால் விலை உயர்ந்த கருவியும் பயன் தராது. படுத்த நிலையில் வெளியேற்றவே முடியாதவர்களுக்கு, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியத்தை மலக்குடலில் செலுத்தி, உட்கார்ந்த நிலையில் எக்ஸ்ரே மூலம் செய்யும் பழைய முறையே பொருத்தமானது.

படத்தில் பூப்பெலும்பின் கீழ் விளிம்பையும் வாலெலும்பின் கடைசி மூட்டையும் இணைத்து ஒரு கோடு வரைந்து, உறுப்புகள் அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியுள்ளன என்று அளக்கிறோம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களிடமும் 2 செ.மீ.க்கும் குறைவான ரெக்டோசீல் சாதாரணமாகக் காணப்படுகிறது. எனவே அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே அறுவை வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். அளவு, ஜெல் உள்ளே தேங்குகிறதா என்பது, நோயாளியின் தொல்லை ஆகிய மூன்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்று, இடுப்பெலும்பின் துளை வழியாகக் குடல் நுழையும் ஆப்டுரேட்டர் ஹெர்னியா. மெலிந்த முதிய பெண்களிடம் அதிகம் காணப்படும் இது வெளியே கட்டியாகத் தெரிவது அரிது. வாந்தி, வயிறு உப்புசத்துடன் தொடையின் உட்புறம் முழங்கால்வரை வலியும் சேர்ந்தால், அதை மூட்டுவலி என்று தைலம் தடவிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், சி.டி. ஸ்கேன் குடல் அடைப்பின் இடத்தைத் தெளிவாகக் காட்டிவிடும்.