மாபெரும் பக்கப் பெயர்ப்பு

நாகர்கோவிலில் இயங்குதளப் பாடத்தைத் தமிழில் நடத்தினால், 'பேஜ் மைக்ரேஷன்' (நினைவகத்தின் ஒரு துண்டை, அதாவது பக்கத்தை, வேறிடத்துக்கு நகர்த்துவது) வரும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: "வலசைன்னு சொல்லலாமா சார்?" தேரூர்க் குளத்துக்கு வரும் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அழகான சொல்தான், ஆனால் பொருந்தாது. பறவை தானே பறந்து வருகிறது. நினைவகப் பக்கம் தானாக நகராது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்தான் நகர்த்துகிறது.

முதலில் 'பேஜ்'. ஏட்டின் பக்கத்தைக் குறிக்கும் 'பாகினா' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினி, நினைவகத்தை 512 சொற்கள் (இங்கே சொல் என்பது கணினி ஒரே அலகாகக் கையாளும் தரவு) கொண்ட பக்கங்களாகப் பிரித்தது. தமிழில் 'பக்கம்' நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். இன்றைய இன்டெல், ஏஎம்டி கணினிகளில் வழக்கமான பக்கம் 4 கிலோபைட். 2 மெகாபைட் என்றால் பெரும் பக்கம், 1 கிகாபைட் என்றால் மாபெரும் பக்கம்.

'மைக்ரேஷன்' என்பதற்கு மூலம் 'மிக்ராரே', ஓரிடம் விட்டு ஓரிடம் போவது. 'இடமாற்றம்' என்றால் நமக்கு அரசு ஊழியரின் டிரான்ஸ்பர்தான் நினைவுக்கு வரும். 'இடம்பெயர்வு' பரவலாக இருக்கிறது, ஆனால் அது தன்வினை: புயலில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பெயர்தல் தானே நகர்வது, பெயர்த்தல் பிறிதொன்றை நகர்த்துவது. சுவர் பெயர்ந்தது, பாறையைப் பெயர்த்தார்கள். தொல்காப்பியத்திலேயே 'மொழிபெயர்த்து' என்று வருகிறது. ஆகவே 'பக்கப் பெயர்ப்பு' என்பதே சரி என்பேன்.

நடப்பது இதுதான். கெர்னல் புதிய இடத்தில் அதே அளவு நினைவகத்தை ஒதுக்கும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்க அட்டவணையில் பழைய பதிவை எடுத்துவிட்டு, 'பெயர்ப்பில் உள்ளது' என்ற குறியை வைக்கும். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைத் தொடும் நிரல் காத்திருக்க வேண்டும். உள்ளடக்கம் நகலானதும் அட்டவணை புதிய இடத்தைக் காட்டும், பழைய இடம் விடுவிக்கப்படும். பௌதிக முகவரிதான், அதாவது நினைவகத்தில் அது உண்மையில் இருக்கும் இடம்தான் மாறுகிறது. நிரல் பார்க்கும் முகவரி அப்படியே இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இது 2006இல், 2.6.16 பதிப்பில் வந்தது. கெர்னலே தானாக அமைக்கும் பெரும் பக்கங்களை முதலில் 512 சிறு பக்கங்களாக உடைத்துத்தான் பெயர்த்தார்கள். உடைக்காமல் முழுதாகப் பெயர்க்க 2017இல் வந்த 4.14 பதிப்பு வழி செய்தது. இடையில் உடைந்தால் பெரும் பக்கம் வைத்ததன் பயனே போய்விடும் என்பதால் அந்த வேலை முக்கியமானது.

மாபெரும் பக்கத்தில் சிக்கல் அதிகம். ஒரே பக்கத்தில் 2,62,144 சிறு பக்கங்களின் அளவு அடங்கும். போய்ச் சேரும் இடத்தில் 1 கிகாபைட் தொடர்ச்சியாகக் காலியாக இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அது கிடைப்பது அரிது. அப்புறம், அதன் ஒரு மூலையை ஏதாவது சாதனம் நினைவகத்தை நேரடியாக வாசிப்பதற்காகப் பிடித்து வைத்திருந்தாலும் போதும், முழுப் பக்கமும் நகராது. அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட பக்கத்துக்கு 'ஊன்றிய பக்கம்' என்று பெயர் வைக்கலாம்.