மாத்துனது ஃபேன் பெல்ட்டு, போனது டைமிங் பெல்ட்டு

"பெல்ட்டு போன வருசம்தான் மாத்துனேன்ணே, அதுக்குள்ள எப்படி அறுந்துச்சு?" இந்தக் கேள்விய இன்னொருத்தர் கேட்டா ஒர்க்‌ஷாப்ப பூட்டிட்டு ஊருக்கே போயிடுவேன் போல இருக்கு. இந்த வாரமும் ஒண்ணு. பழைய இன்னோவா, 2.5 டீசல், டிராவல்ஸ் வண்டி, தர்மபுரி தாண்டி சேலம் வர்ற வழியில தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னாடி சத்தமில்லாம நின்னுபோய் ரெக்கவரி வண்டியில ஏத்திட்டு வந்தாங்க. ஓனர் பில்லையே கையோட கொண்டு வந்திருந்தார். வாங்கிப் பாத்தா ஃபேன் பெல்ட்டு பில்லு.

ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்பு இதையெல்லாம் சுத்துறது ஃபேன் பெல்ட்டு. பானெட்ட தூக்குனா வெளியவே தெரியும், நீங்களே கை வச்சுப் பாக்கலாம். அது அறுந்தா பேட்டரி லைட் எரியும், ஏசி நிக்கும், ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும், அதோட ஓட்டுனா சூடேறும். ஓரங்கட்டி நிறுத்திட்டு புதுசு ஒண்ணு மாட்டுனா கிளம்பிடலாம், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. டைமிங் பெல்ட்டு அது கிடையாது, கிடையவே கிடையாது. அது இன்ஜினுக்கு முன்பக்கம் ஒரு மூடிக்குள்ள இருக்கு, பானெட்ட தூக்குனா கண்ணுல படாது, ஃபேன் பெல்ட்டு, புல்லி, மூடின்னு ஒவ்வொண்ணா கழட்டுனாத்தான் அது முகமே தெரியும். உள்பக்கம் பல்லு பல்லா இருக்கும். அதனால உங்க மெக்கானிக் "பெல்ட்டு மாத்தியாச்சு"ன்னு சொல்லி ஒரு டீ குடிக்கிற நேரத்துல வண்டிய குடுத்து சில நூறு ரூபா வாங்கியிருந்தா அது டைமிங் பெல்ட்டு இல்ல. டைமிங் பெல்ட்டு பில்லுன்னா அதுல டென்ஷனர் (பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிறது) இருக்கும், ஐட்லர் பேரிங் (பெல்ட்ட வழி தப்பாம ஓட வைக்கிற உருளை) இருக்கும், லேபர் சார்ஜே கண்ணுல குத்தும். தயவுசெஞ்சு வீட்ல இருக்குற பழைய பில்ல எடுத்து இப்பவே ஒரு தடவ பாருங்க.

கீழ பிஸ்டன ஏத்தி இறக்குற தண்டு கிராங்க், மேல வால்வ, அதாவது காத்தும் புகையும் போய் வர்ற கதவ, திறந்து மூடுற தண்டு கேம்ஷாஃப்ட். ரெண்டையும் சேத்துக் கட்டி ஒரு கணக்குல சுத்த வைக்கிறதுதான் டைமிங் பெல்ட்டு, கிராங்க் ரெண்டு சுத்து, கேம் ஒரு சுத்து. ஒரே உரல்ல ரெண்டு பேரு மாத்தி மாத்தி உலக்கை போடுற மாதிரிதான், ஒருத்தர் தாளம் தப்புனா உலக்கையோட உலக்கை மோதும். ஹைவேல 2,400 ஆர்பிஎம்ல, அதாவது கிராங்க் நிமிசத்துக்கு 2,400 சுத்து சுத்துற வேகத்துல போறீங்கன்னா ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 20 தடவ திறந்து மூடுது. அந்த வேகத்துல பெல்ட்டு போனா கேம் அங்கயே நிக்கும், திறந்த வால்வு திறந்தபடியே கெடக்கும், பிஸ்டன் மட்டும் வண்டி ஓடுற வேகத்துல வந்து மோதும். டீசல்ல கம்ப்ரஷன், அதாவது காத்த அமுக்குற அமுக்கு, ஜாஸ்தி, பிஸ்டன் ஹெட்ட (வால்வு இருக்குற மேல் மூடிய) கிட்டத்தட்ட தொட்டுட்டுத்தான் திரும்பும், தப்பிக்க இடமே கிடையாது.

அந்த இன்னோவால மூடிய கழட்டுனா உள்ள ஆயிலும் தூசியும் சேந்து களி மாதிரி அப்பியிருக்கு. ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம், ஆயில் சீல், கசிஞ்சு ரொம்ப நாளாகியிருக்கும், டிரைவர் ஆயில் குறையக் குறைய ஊத்தி ஓட்டியிருக்கார், எங்க போகுதுன்னு யாரும் பாக்கல. ஆயில்ல ஊறுன ரப்பர் என்ன ஆகும்? பெல்ட்டு ரெண்டா அறுந்துகூட போகல, முழு வளையமாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு சாண் நீளத்துக்கு பல்லே இல்ல, வழிச்செடுத்த மாதிரி மொழுமொழுன்னு இருந்துச்சு. மேல வால்வ அமுக்குற ராக்கர் ஆர்ம் உடைஞ்சு துண்டு துண்டா, ஹெட்ட இறக்குனா வளைஞ்ச வால்வு. பிஸ்டன் தலையில பிறை மாதிரி வெட்டு விழுந்த தடம்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா நின்ன பிறகு நடந்ததுதான். டிரைவர் விடாம செல்ஃப் அடிச்சிருக்கார். அப்புறம் நாலு பேர கூப்பிட்டு கியர்ல போட்டுத் தள்ளியிருக்கார். ஓடிட்டிருந்த வண்டி பட்டுன்னு ஆஃப் ஆகி, திரும்ப செல்ஃப் அடிச்சா வழக்கமான திணறல் இல்லாம லேசா விர்ர்ருன்னு சுத்துச்சுன்னா அங்கயே சாவிய எடுத்துருங்க. கம்ப்ரஷன் இல்லாத சத்தம் அது. (போன்ல அந்த சத்தத்த கேட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும், "அண்ணே கைய எடுங்க"ன்னு கத்துவேன்.) ஒவ்வொரு தடவ செல்ஃப் அடிக்கும்போதும் தப்பிச்ச வால்வையும் போய் இடிக்க வைக்கிறீங்க. தள்ளி ஸ்டார்ட் பண்றது அதவிட மோசம். இன்னொண்ணு, இன்ஜின் நின்னா ஸ்டியரிங் இறுகிரும், பிரேக்கு ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் லேசா இருக்கும், அப்புறம் கட்டையாயிரும். விட்டு விட்டு மிதிக்காம அழுத்திப் புடிச்சு, ஹசார்டு போட்டு ஓரங்கட்டுங்க. அந்த வண்டி கணவாய் இறக்கத்துல நின்னிருந்தா, உள்ள ஏழு பேரு, பின்னாடி லோடு லாரி. நெனச்சுப் பாக்கவே முடியல.

"ஒரு சத்தமும் வரலயே, வந்திருந்தா காட்டியிருப்பேன்ல?" வராதுங்க. சில வண்டியில பெல்ட்டுக்குப் பதிலா செயின் இருக்கும், அது தேஞ்சா கடகடன்னு சொல்லும், பெல்ட்டு பெரும்பாலும் வாயே திறக்காது. பேரிங் போனா கொஞ்சம் ஊளையிடும், அதையும் நீங்க பாட்டு சத்தத்துல கேக்க மாட்டீங்க.

பழைய இன்னோவா டீசல்ல மீட்டர்லயே டி-பெல்ட்னு, அதாவது டைமிங் பெல்ட்டுக்குன்னு, ஒரு லைட்டு வச்சிருக்கான், அது எரிஞ்சா மாத்தணும். நம்மாளு என்ன பண்றாரு, தெரிஞ்ச கடையில விட்டு லைட்ட மட்டும் ரீசெட் பண்ணிக்கிறாரு! அந்த லைட்டு பெல்ட்ட பாத்துட்டு எரியல சாமி, கிலோமீட்டர எண்ணிட்டு எரியுது. லைட்ட அணைச்சா பெல்ட்டு புதுசாயிடுமா? அதே மாதிரி லைட்டு எரியலங்கறதுக்காக பெல்ட்டு நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்ல, ஆயில் கசிவு அதுக்குத் தெரியாது, மீட்டர திருப்பி வித்த வண்டின்னா அதுவும் தெரியாது.

கிலோமீட்டர் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும், பாருங்க. ஆனா வருசமும் கணக்குதான். "ரிட்டயர்டு ஆளு சார், எட்டு வருசத்துல 30,000தான் ஓடியிருக்கு"ன்னு பெருமையா சொல்றாங்க. ரப்பர் ஓடாட்டியும் காயும். நம்ம வெயிலுக்கு நான் அஞ்சு, ஆறு வருசத்துக்கு மேல விடச் சொல்ல மாட்டேன்.

எல்லா வண்டியிலயும் டைமிங் பெல்ட்டு இருக்காது. குவாலிஸ் டீசல், பழைய இன்னோவா டீசல், டஸ்டர் டீசல், சன்னி டீசல், போலோ வென்டோ டீசல், இண்டிகா டீசல், சான்ட்ரோ ஸிங், மாருதி 800 இதெல்லாம் பெல்ட்டு. ஸ்விஃப்ட் 1.3 டீசல், எட்டியோஸ் டீசல், இன்னோவா கிரிஸ்டா எல்லாம் செயின், நிம்மதி, ஆனா ஆயில நேரத்துக்கு மாத்தணும். இகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் தனி ரகம், அதுல பெல்ட்டே ஆயிலுக்குள்ள ஓடுது. அதுக்குன்னு சொன்ன ஆயில விட்டுட்டு கிடைச்சத ஊத்துனீங்கன்னா பெல்ட்டு உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையில போய் அடைக்கும்.

மாத்தும்போது கிட்டா, அதாவது பெல்ட்டு, டென்ஷனர், ஐட்லர் எல்லாம் சேத்து மாத்துங்க. பெல்ட்டு மட்டும் புதுசு, டென்ஷனர் பழசுன்னா அந்த பேரிங் ஜாம் ஆகி புது பெல்ட்டையும் தின்னுரும். உங்க வண்டியில வாட்டர் பம்ப்ப டைமிங் பெல்ட்டே சுத்துதுன்னா அதையும் சேத்து மாத்திடுங்க, எப்படியும் கழட்டியாச்சு. ஆயில் சீல் கசிவு இருந்தா மொதல்ல அது. டூப்ளிகேட் பெல்ட்டு வேணாம், இதுல மிச்சம் புடிச்சு யாரும் வீடு கட்டுனதில்ல. கிட்டுக்கு சில ஆயிரம் போகும், ஹெட்ட இறக்கி லேத்துக்கு அனுப்பி வால்வு, ராக்கர், கேஸ்கெட்டுன்னு போட்டா அதுல பல மடங்கு, வண்டி நிக்கிற நாளுக்கு டிராவல்ஸ்காரருக்கு வாடகையும் போச்சு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க "மாத்தியிருக்கேன்"ங்கற வாய்ச்சொல்ல நம்பாதீங்க, பில்லு இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கோங்க, மொத செலவு அதுதான். மாத்துனதும் பழைய பெல்ட்ட கேட்டு வாங்கிப் பாருங்க, தேதியும் கிலோமீட்டரும் மார்க்கர்ல எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்க. ஒட்ட மாட்டேன்னு சொல்ற கடைக்கு வண்டிய குடுக்காதீங்க.