மணியம்மையார் பெயரில் ஒரு திருமண உதவி: கைம்பெண் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"தாலிக்குத் தங்கம்தான் நின்னு போச்சே, இனிமே எங்க போய் கேக்கறது?" குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஓர் அக்கா இப்படிச் சொன்னார். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகளுக்கு நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. நின்று போனது வேறு திட்டம், உங்களுக்கானது இருக்கிறது என்று சொன்னதை அவர் முதலில் நம்பவே இல்லை. அவரைப் போல எத்தனை பேர் கேட்காமலே விட்டிருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

குழப்பம் எங்கே வந்தது என்று பார்ப்போம். 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. தாலிக்குத் தங்கம் என்று மக்கள் சொன்னதும் பெரும்பாலும் அதைத்தான். 2022-இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அதுவே புதுமைப் பெண் திட்டம்: அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அந்த ஒரு திட்டம் மாறியதும், திருமண உதவி மொத்தமும் போய்விட்டது என்று பேச்சு பரவிவிட்டது. ஆனால் மற்ற நான்கு திருமண உதவித் திட்டங்கள் தொடர்ந்தன. அவற்றில் ஒன்று, ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவு ஏழை விதவையர் மகள் திருமண நிதியுதவித் திட்டம்.

விண்ணப்பத்தின் தலைப்பில் இருக்கும் அந்தப் பெயருக்கு உரியவர் நம் வேலூரில் பிறந்தவர். இங்கேயே இது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். 1920-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காந்திமதி. தந்தை கனகசபை சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். 1943-இல் பெரியாரிடம் தொண்டு செய்யப் போன மணியம்மையார் வீடு திரும்பவில்லை, இயக்கமே வீடாகிவிட்டது. 1949-இல் பெரியாருக்கும் அவருக்கும் நடந்த திருமணம் இயக்கத்தையே உலுக்கியது. அன்றைக்கு அவர்மேல் விழுந்த ஏச்சுப் பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் வேலையைப் பார்த்தார். சாதி ஒழிப்புக்காக அரசியல் சட்டத்தை எரித்துச் சிறை போன தோழர்கள் 1958-இல் திருச்சிச் சிறையில் இறந்தபோது, உடல்களைத் தர மறுத்த அதிகாரிகளிடம் போராடிப் பெற்று வந்தார். ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் திருச்சியில் இயங்கிய நாகம்மையார் இல்லத்தை வளர்த்தவரும் அவரே.

பெரியார் கடைசி மூச்சை விட்டதும் இந்த வேலூரில்தான். 1973 டிசம்பர் 24, சி.எம்.சி. மருத்துவமனை. அதன்பின் திராவிடர் கழகத்தின் தலைமையை மணியம்மையார் ஏற்றார். நெருக்கடிநிலைக் காலத்தில் இயக்கத்தார் பலர் சிறையில் கிடந்தபோதும் இயக்கத்தைக் கலையவிடாமல் நடத்தினார். 1978 மார்ச் 16-இல் இறந்தபோது அவருக்கு வயது 58. கணவரை இழந்தபின் ஒரு பெரிய இயக்கத்தையே நடத்திய பெண்ணின் பெயரைக் கைம்பெண்களுக்கான திட்டத்துக்கு வைத்திருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தெரிகிறது.

சரி, உதவிக்கு வருவோம். இதில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் 25,000 ரூபாயும் 8 கிராம், 22 காரட் தங்க நாணயமும் கிடைக்கும். இதற்குப் படிப்புத் தகுதி எதுவும் தேவையில்லை. பள்ளிக்கே போகாத பெண்ணுக்கும் உண்டு. மணப்பெண் பட்டம் அல்லது பட்டயம் (டிப்ளமா) பெற்றிருந்தால் இரண்டாம் பிரிவு: 50,000 ரூபாய், அதே 8 கிராம் தங்கம். பணம் வங்கிக் கணக்கில் ஏறும்.

தாய் கைம்பெண்ணாக இருக்க வேண்டும். மணப்பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருமான உச்சவரம்பு உண்டு. ஒரு தாய்க்கு ஒரு மகளுக்கு மட்டுமே உதவி கிடைக்கும் என்பதை நன்றாகக் கவனியுங்கள். இரண்டு மூன்று பெண்கள் உள்ள வீட்டில், மூத்தவள் பள்ளிப் படிப்போடு நின்று, இளையவள் கல்லூரியில் இருந்தால், யாருக்கு வாங்குவது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போவது நல்லது. ஒருத்திக்கு வாங்கிவிட்டால் அடுத்தவளுக்குக் கேட்க முடியாது. இந்த ஒருவர் கணக்கு மாற வேண்டும் என்பது என் எண்ணம். கணவர் இல்லாமல் மூன்று பெண்களை வளர்ப்பவருக்குத்தான் சுமை அதிகம்.

பலரும் தவறவிடுவது நாள் கணக்கைத்தான். திருமணத்துக்கு 40 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் திருமணத்துக்கு முந்தின நாள் வரைகூட ஏற்றுக்கொள்ள இடமுண்டு. ஆனால் அதை நம்பிக் கடைசி வரை இருக்காதீர்கள். கல்யாணம் முடிந்தபின் போனால் விண்ணப்பமே செல்லாது. நிச்சயம் ஆன வாரமே சான்றுகளுக்கு அலையத் தொடங்கிவிடுங்கள். கைம்பெண் சான்றும் வருமானச் சான்றும் வருவாய்த் துறையிலிருந்து வர வேண்டும். அவற்றுக்குத்தான் நாள் பிடிக்கும். அப்புறம் மணப்பெண்ணின் வயதுச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், திருமண அழைப்பிதழ். இரண்டாம் பிரிவு என்றால் பட்டம் அல்லது பட்டயச் சான்றிதழும் வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பத்திரிகையிலும் பெண்ணின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அச்சகத்தில் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் பத்திரிகையில் போட்டுவிட்டுப் பின்னால் அலைவது வேண்டாம்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதியலாம். சந்தேகம் கேட்க, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சமூகநல விரிவாக்க அலுவலரும் மகளிர் ஊர்நல அலுவலரும் இருப்பார்கள். மாவட்ட அளவில் என்றால் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய் மாவட்ட சமூகநல அலுவலரைக் கேளுங்கள். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டத்துக்காரர்களுக்கு அதுதான் இடம். பழைய வட ஆற்காடு நினைவில் ஆற்காட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் இன்னும் சிலர் வேலூருக்கு பஸ் ஏறுகிறார்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காடு, வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். பதிந்ததும் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளாகியும் பதில் இல்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுக்கலாம்.

பெற்றோர் இருவருமே இல்லாத பெண்ணுக்கு அன்னை தெரசா பெயரில் தனித் திட்டம் இருக்கிறது. கைம்பெண்ணே மறுமணம் செய்துகொள்வதாக இருந்தால் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் திட்டம். சாதி மறுப்புத் திருமணம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். எல்லாவற்றுக்கும் அதே சமூகநல அலுவலகம்தான்.

எங்கள் தெரு அக்காவுக்கு அப்போது நாற்பது நாள் இல்லை, இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுத்து விண்ணப்பம் பதிந்தோம். மகள் பி.காம். முடித்தவள் என்பதால் இரண்டாம் பிரிவு. சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்டார், "யாருப்பா இந்த மணியம்மை?" நம்ம வேலூர்க்காரங்கதான் அக்கா என்று தொடங்கி, பஸ் குடியாத்தம் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.