‘மதர்ஸ் பென்ஷன்’ ஓய்வூதியம் அல்ல, வளர்ப்பூதியம்

அமெரிக்கச் சமூகநல வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், ஏழைத் தாய்மார் பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்க அரசு கொடுத்த ‘மதர்ஸ் பென்ஷன்’ என்பதைத் ‘தாய்மார் ஓய்வூதியம்’ என்றே மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள். இது பிழை, பொருளையே கவிழ்த்துவிடும் பிழை.

எடை போடுதல், பணம் செலுத்துதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது ‘பென்ஷன்’. தவணைதோறும் தரும் தொகை, அவ்வளவுதான்.

1911இல் இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வறுமையைத் தவிர வேறு குறையில்லாத பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து விடுதிக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வளர்க்கச் சிறார் நீதிமன்றம் வழியாகப் பணம் கொடுத்தது. 1913இல் அதைச் சுருக்கினார்கள். கணவனை இழந்தவளுக்கும், உழைக்க முடியாத கணவனை உடையவளுக்கும் கிடைத்தது. கணவன் விட்டுவிட்டு ஓடியவளுக்குக் கிடைக்கவில்லை. பணம் பெற்றவளோ கைக்குழந்தையோடு அல்லாடியவள். பலருக்கு அந்தத் தொகை போதாமல் துணி வெளுத்தும் தைத்தும் பிழைத்தார்கள். இவர்களுக்கு ஏது ஓய்வு? அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர், யாருக்கு எதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு பத்தி படித்திருந்தால் போதும்.

‘உதவித்தொகை’ என்போர் உண்டு. எளிய சொல், மக்கள் வாயில் புழங்கும் சொல்; ஆனால் இங்கே பொருந்தாது. இத்திட்டத்துக்காக வாதாடியவர்கள் தர்மம் என்ற வாடையே கூடாது என்றுதான் ‘பென்ஷன்’ என்று சொன்னார்கள். போர்வீரனைப் போலவே தாயும் நாட்டுக்குப் பணி செய்கிறாள் என்பது அவர்கள் வாதம். 1935ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவந்த திட்டம் பெயரிலேயே ‘உதவி’ என்றது. அதற்கு ‘உதவித்தொகை’ எழுதுங்கள், சரி. 1911க்கு எழுதினால் அந்த வாதமே காணாமல் போகிறது.

ஆகவே ‘தாய்மார் வளர்ப்பூதியம்’ என்கிறேன். பிள்ளை வளர்ப்பு ஒரு பணி, அதற்கு ஊதியம். ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்ற குறளில் ஊதியம் என்பது பேறு, பயன். கூலி என்ற இன்றைய பொருளோடு அதையும் சேர்த்துத் தாங்கும் சொல் இது.

இதே கட்டுரைகளில் அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் ‘புறக்கணிக்கப்பட்ட குழந்தைகள்’ என்று எழுதுவதும் எரிச்சலூட்டுகிறது. 1899ஆம் ஆண்டின் இல்லினாய்ச் சிறார் நீதிமன்றச் சட்டம் ஆதரவற்ற பிள்ளையையும் கவனிப்பாரற்ற பிள்ளையையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. வறுமையே அதில் சேரப் போதுமானதாக இருந்தது. ‘புறக்கணிக்கப்பட்ட’ என்றால் தாய் புறக்கணித்தாள் என்றாகிறது. ‘ஆதரவற்ற’ என்று எழுதுங்கள்.