ஃபேக்‌ஷன்: கட்சியா, அணியா, தரப்பா?

போன வாரம் கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் அக்கா வீட்டில் இருந்தேன். வெளியே விடாத மழை. ஒன்றோடொன்று மோதும் கூட்டங்களை 'ஃபேக்‌ஷன்' என்று அழைக்கும் ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, எந்த ஃபேக்‌ஷன்ல சேரட்டும்? யாரு நல்லவங்க?" வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

நல்ல வேளை. 2011-இல் வந்த அந்த விளையாட்டில் அதற்கு நேரான பதில் கிடையாது. ஒரு பக்கம் நாட்டை ஆளும் பேரரசு, மறுபக்கம் அதை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரர்கள். பேரரசின் ஆட்கள், மரணதண்டனைப் பட்டியலில் நம் பெயர் இல்லை என்று தெரிந்தும் தலையை வெட்ட இழுத்துப் போகிறார்கள். பகைவரோடு போட்ட ஒப்பந்தத்துக்காக மக்கள் கும்பிடும் டேலோஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டையே தடைசெய்தவர்களும் அவர்கள்தான். சரி, கிளர்ச்சிக்காரர்களான ஸ்டார்ம்கிளோக்குகளிடம் போவோம் என்று அவர்களுடைய தலைநகரான விண்ட்ஹெல்முக்குப் போனால், அங்கே அகதிகளாக வந்த டார்க் எல்ஃப் இனத்தவர் ஒரு பாழடைந்த சேரியில் கிடக்கிறார்கள். பல்லி உருவ மனிதர்களான ஆர்கோனியர்களுக்கு மதிலுக்குள் குடியிருக்கவே இடமில்லை.

ஃபேக்‌ஷனுக்கு மூலம் லத்தீன் 'ஃபாக்டியோ'. 'செய்' என்று பொருள்தரும் வினையிலிருந்து பிறந்தது. ரோமில் தேர்ப்பந்தயக் குழுக்களை அப்படி அழைத்தார்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. 532-இல் கான்ஸ்டான்டினோபிளில் நீலமும் பச்சையும் கைகோத்துப் பேரரசர் ஜஸ்டினியனையே கவிழ்க்கப் பார்த்தன. தெலுங்கு டப்பிங் படம் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் காதில் விழுந்ததுமே அரிவாளும் பறக்கும் சுமோவும் கண்ணில் வந்துவிடும், அது தனிக்கதை.

தமிழில் என்ன சொல்வது? 'அணி' என்றால் கிரிக்கெட். 'கட்சி' என்றால் கொடியும் தேர்தலும். ஆனால் பழந்தமிழில் கட்சிக்குப் புகலிடம் என்று பொருள். புறநானூற்றின் 202-ஆம் பாட்டில் வேட்டுவர் துரத்தும் 'கட்சி காணாக் கடமா' வருகிறது. ஒதுங்க இடமில்லாத காட்டுப்பசு. இதை நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பூண்டுக் காட்டுக்குள் புகுந்த காட்டுமாட்டை மச்சான் டார்ச் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்.

என் ஓட்டு 'தரப்பு'க்கு. அதுவும் உருது வழியாக வந்த 'தரஃப்'தான், இருக்கட்டும். அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு என்று கோர்ட்டில் சொல்லும்போது தீர்ப்பு இன்னும் வரவில்லை, பாருங்கள். 'எதிரி', 'வில்லன் கூட்டம்' என்று மொழிபெயர்த்தால் ஆடுகிறவன் எடுக்கவேண்டிய முடிவை நாமே எடுத்துவிடுகிறோம்.

இரு தரப்பிலும் நியாயமும் குற்றமும் கலந்து கிடக்கும் அந்த நிலைக்கு, ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தோடு கலந்து வருவதைச் சங்கப் பாடல்களில் திணைமயக்கம் என்பதைப் போல 'அறமயக்கம்' எனலாம். நமக்கு இது புதிதல்ல. பழந்தமிழ் இலக்கணம் சொல்லும் தும்பைப் போரில், நேருக்கு நேர் மோதும் இரு வேந்தரும் சூடுவது ஒரே தும்பைப் பூ. மலைக்குக் கீழே தேனிப் பக்கம், புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகல், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்கானது. மாட்டைக் கவர வந்தவனா, காக்க நின்றவனா? கல்லில் அது இல்லை.

கரண்ட் வந்ததும் போய்ப் பார்த்தேன். பையன் எந்தத் தரப்பிலும் சேராமல் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருந்தான்.