64 அடித்தவர் மறுநாள் ஏன் 75 அடிக்கிறார்?

2021 மே 24, திங்கட்கிழமை காலை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த சமயம். மலேசியாவின் பீடோங்கில் ஒட்டுக்கடைகள் கூடப் பொட்டலம் கட்டித்தான் கொடுத்தன. நானும் சித்தப்பாவும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் அப்போது ஞாயிறு சாயங்காலம். கியாவா தீவில் 50 வயது கோல்ஃப் ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியை நோக்கி நடந்து கொண்டிருந்தார், பின்னால் ஒரு திருவிழாக் கூட்டம்.

"இந்த ஆளு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என்னா கூத்து அடிச்சான் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

தெரியும். வெல்ஸ் ஃபார்கோ போட்டியில் முதல் நாள் 64 அடித்து, அதாவது பதினெட்டுக் குழிகளையும் 64 அடியில் முடித்து, முன்னணியில் நின்றார். அடுத்த மூன்று நாளும் 75, 76, 76. கோல்ஃபில் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது. ஆக முதல் நாள் ராஜா, நான்காம் நாள் 69-ஆம் இடம். உலகத் தரவரிசையில் அப்போது 115. அப்படிப்பட்டவர் கியாவாவில் 70, 69, 70, 73 அடித்து, இரண்டு ஸ்ட்ரோக் (மட்டையால் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கினார். மேஜர் என்று சொல்லப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை ஐம்பது வயதில் வென்ற முதல் ஆள் அவர்தான். அதற்கு முந்தைய சாதனை 1968-இல் 48 வயது ஜூலியஸ் போரோஸ் வைத்தது.

அதற்கப்புறம்? அடுத்த போட்டியில் இரண்டு நாளோடு மூட்டை கட்டினார். யுஎஸ் ஓப்பனில் 62-ஆம் இடம். ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பனில் முதல் நாளே 80. அதே கை, அதே மட்டை. மூன்று மாதத்துக்குள் இத்தனை ஏற்ற இறக்கம்.

செய்தியாளர்களிடம் எப்போதும் விளக்கம் தயாராக இருக்கும். ஜெயித்தால் அனுபவம், தோற்றால் வயது. எனக்கு இந்த இரண்டிலும் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க எட்டடித் தூரத்தில் கிடக்கும் பந்திலிருந்து தொடங்கலாம்.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர், எடை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எட்டடி என்றால் 2.44 மீட்டர். பந்து மெல்ல ஊர்ந்து வந்தால், அதன் நடுப்புள்ளி குழியின் நடுவிலிருந்து இருபக்கமும் 54 மில்லிமீட்டருக்குள் வந்தாலே போதும், விழுந்துவிடும். கணக்குப் போட்டால், உருட்டும் திசையில் இந்தப் பக்கம் ஒன்றேகால் டிகிரி, அந்தப் பக்கம் ஒன்றேகால் டிகிரி வரை பிழை செய்யலாம். கடிகாரத்தின் நிமிட முள் சுமார் 13 வினாடியில் நகர்கிற அளவு அது.

அதுவும் பந்து மெதுவாக வந்தால்தான். வேகமாக வந்தால் குழி சுருங்கிவிடும். குழியின் மேலே கடக்கும் நேரத்துக்குள் பந்து தன் விட்டத்தில் பாதியாவது கீழே இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் எதிர்விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். 21 மில்லிமீட்டர் விழுவதற்குப் புவியீர்ப்பு எடுத்துக்கொள்ளும் நேரம் 0.066 வினாடி. அதற்குள் பந்து முன்னால் நகரக்கூடிய தூரம் 87 மில்லிமீட்டர். வகுத்தால் வினாடிக்கு 1.3 மீட்டர், நாம் சாவகாசமாக நடக்கும் வேகம். பின்விளிம்பில் மோதித் துள்ளி விழுவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். நடுவில் வரும் பந்துக்கே இந்த வரம்பு. ஓரமாக வரும் பந்து குழியைக் கடக்கும் பாதை இன்னும் குட்டை, அதற்கு நேரமே இருக்காது.

இத்தனை நெருக்கடியில் உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் எட்டடியிலிருந்து எத்தனை தடவை போடுகிறார்கள்? சரிபாதி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் பதிவு செய்து வைத்த லட்சக்கணக்கான ஸ்ட்ரோக்குகளை அலசிச் சொன்ன கணக்கு இது. மூன்றடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் விழும். இருபதடியில் சுமார் பதினைந்துதான். நடுவில் இருக்கும் எட்டடி, சுத்தமான பூவா தலையா.

பந்தைக் குழிக்கு உருட்டும் அடிக்குப் பட் என்று பெயர். ஒரு சுற்றில் ஆறு முறை எட்டடி பட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காசை ஆறு முறை சுண்டுவது போலத்தான். ஆறும் பூ விழ 64-இல் ஒரு வாய்ப்பு. ஆறும் தலை விழவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. முதல் வகை நாளில் அவர் ராஜா, இரண்டாம் வகை நாளில் ரிட்டையர் ஆக வேண்டிய ஆள். நடுவில் ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசம். கையில் எந்த மாற்றமும் நடந்திருக்காது.

பட்டிங் மட்டுமல்ல. காற்று ஒரு நொடி அடங்கும், மறுநொடி எழும். மரத்தில் பட்ட பந்து ஒருநாள் புல்வெளிக்குத் திரும்பும், ஒருநாள் புதருக்குள் போகும். எல்லாம் சேர்ந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் ஸ்கோர் அவருடைய சராசரியைச் சுற்றி நாளுக்கு நாள் சுமார் மூன்று ஸ்ட்ரோக் ஆடுகிறது. புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள். நம்மூர்க் கணக்கில், ஊஞ்சல் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பதன் அளவு.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. பதினான்கு வயதில் ரப்பர் தோட்டத்துக் கிளப்பின் ஒன்பது குழித் திடலில் துரைமார் பையைத் தூக்கிய கேடி அவர். பிறகு முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார். இப்போது அந்த நிரைகளில் எல்லாம் செம்பனை.

"பாலு மாதிரிதானேடா?" என்றார். "அதே நிரை, அதே கத்தி. ஒரு நாளு மங்கு நிறைஞ்சு வழியும். மறுநாளு அடியோட நின்னுரும்."

ஏன் என்று அவருக்குத் தெரியும். பால்குழாய்களில் அழுத்தம் விடிவதற்கு முன்தான் அதிகம். வெயில் ஏறினால் இலை நீரை இழுக்கும், அழுத்தம் இறங்கும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய் நின்றார்கள். மழை பெய்தால் பட்டையில் வழியும் தண்ணீர் பாலைக் கழுவிக்கொண்டு போகும். இலை உதிரும் காலத்தில் மரமே கை விரிக்கும். இத்தனைக்கும் நடுவில், ஸ்டோரில் நிறுக்கும்போது யாருக்கு எடை குறைந்ததோ அவரை மேற்பார்வை பார்க்கும் தண்டல் திட்டுவார். மறுநாள் அந்த ஆளின் எடை கூடும். "பார்த்தியா, நாலு வார்த்தை கேட்டாத்தான் வேலை நடக்குது" என்பார் தண்டல். நேற்று அதிகம் கொண்டு வந்து பாராட்டு வாங்கியவருக்கு இன்று குறையும். "புகழ்ந்தா கெட்டுப் போயிடுறானுங்க."

திட்டும் பாராட்டும் அங்கே ஒன்றும் செய்யவில்லை. மிக மோசமான நாள் என்பது பெரும்பாலும் கெட்ட நேரம் சேர்ந்து வந்த நாள். அடுத்த நாளும் அதே கெட்ட நேரம் சேர வேண்டும் என்று விதி கிடையாது, அதனால் எண்ணிக்கை சராசரிப் பக்கம் திரும்பும். மிக நல்ல நாளும் அப்படியே. இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு பிரான்சிஸ் கால்டன் 1886-இல் இதை எழுதினார். மிக நெட்டையான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் நெட்டைதான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை.

இப்போது அந்த 64-ஐத் திரும்பிப் பாருங்கள். ஒரு போட்டியில் சுமார் 150 பேர் ஆடுகிறார்கள். முதல் நாள் முன்னணியில் நிற்பவர் யார்? திறமையோடு அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்தவர். நாம் பட்டியலின் உச்சியைப் பார்க்கும்போதே அதிர்ஷ்டசாலியைத்தான் பொறுக்கி எடுக்கிறோம். மறுநாள் அதிர்ஷ்டம் விலகும், திறமை மட்டும் மிஞ்சும். 64-க்கு அடுத்து 70 வந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 75 வந்தது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். நல்ல பக்கம் எட்டிய ஊஞ்சல் கெட்ட பக்கமும் எட்டிவிட்டது.

அப்படியென்றால் வயது ஒன்றுமே செய்யவில்லையா? செய்கிறது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் வயதில் முதலில் மெலிகின்றன. மட்டை வீசும் வேகம் குறைகிறது. மட்டை வேகத்தில் மணிக்கு ஒரு மைல் போனால் பந்து இரண்டு, மூன்று கெஜம் முன்னாலேயே விழும். அடுத்த அடி தூரத்திலிருந்து, அதனால் பந்து குழியிலிருந்து தள்ளி நிற்கும், எட்டடி பட் பன்னிரண்டடி ஆகும். மிக்கல்சன் இந்த நஷ்டத்தோடு மல்லுக்கட்டியவர். கியாவாவில் கடைசி நாள் பதினாறாம் குழியில் 366 கெஜம் அடித்தார். தனக்குக் கஷ்டமாகிப் போனது பலம் அல்ல, ஒரு சுற்று முழுக்கக் கவனம் சிதறாமல் இருப்பதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். வயது ஒருவரிடமிருந்து நாளுக்கு அரை ஸ்ட்ரோக் பிடுங்கிக்கொள்கிறது என்று வையுங்கள். நான்கு நாள் போட்டியில் நஷ்டம் 2. அதே நான்கு நாளில் ஊஞ்சலின் ஆட்டம் எவ்வளவு? மூன்றை நான்கால் பெருக்கக் கூடாது. நல்ல நாளும் கெட்ட நாளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் நான்கின் வர்க்கமூலத்தால், அதாவது இரண்டால் பெருக்க வேண்டும். 6 வருகிறது. வயதின் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு. அதனால் ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் கிழவர் இளைஞனை வீழ்த்துவது அதிசயமே இல்லை.

ஆனால் வருஷத்துக்கு நூறு சுற்று ஆடட்டும். வயதின் நஷ்டம் 50. ஊஞ்சல் ஆட்டம் நூறின் வர்க்கமூலம் பத்து, பெருக்கல் மூன்று, வெறும் 30. இப்போது வயது வெளியே தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் நிறுவையில் மறையும் ஆளைத் தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் பதிவேடு காட்டிக் கொடுப்பது போல. மிக்கல்சனின் அந்தப் பருவம் இதற்கு அச்சு அசலான உதாரணம்: ஒரே ஒரு வாரம் தங்கம், வருஷச் சராசரி சாதாரணம்.

வயது எல்லாரிடமும் ஒரே வேகத்தில் வசூல் செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஜியில் பிறந்த இந்திய வம்சாவளி விஜய் சிங், 1980-களில் சபாவின் கெனிங்காவில் கிளப் பயிற்சியாளராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் பிஜிஏ டூரில் மட்டும் 22 கோப்பை. 2004-இல் ஒரே வருஷத்தில் ஒன்பது.

நம்மூருக்கென்று ஒரு தனி வில்லங்கம் உண்டு: புல். வெப்ப நாடுகளில் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில், பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். பெர்முடா வேறு எதுவும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். அதையும் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்த ஒட்டு ரகங்களைத்தான் ஒட்ட வெட்டிப் பராமரிக்கிறார்கள். அருகு நிமிர்ந்து வளராது, படரும். அதனால் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்திசையில் உருட்டினால் பாய்மேல் கையை எதிர்ப்பக்கம் தடவுவது போல், பிடித்து நிறுத்தும். குறுக்கே உருட்டினால், வேகம் குறைகிற கடைசி இரண்டடியில் பந்தைச் சாய்வின் பக்கம் இழுத்துவிடும்.

இதைக் கண்ணால் படிக்கலாம். சித்தப்பா துரைமாருக்குப் படித்துக் கொடுத்தவர். குழிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புல் பளபளவென்று வெளுத்துத் தெரிந்தால் இலைகள் நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருக்கின்றன, கருப்பாகத் தெரிந்தால் நம்மைப் பார்த்து. காலையில் பனி காயாதபோது இந்த வித்தியாசம் தெரியாது, அப்போது குழியின் விளிம்பைப் பார்ப்பாராம். ஒரு பக்க விளிம்பு பிய்ந்து பழுத்திருந்தால் புல் அந்தப் பக்கம் ஓடுகிறது. "துரைக்கு இதெல்லாம் தெரியாது. நான் காட்டுற இடத்துல அடிப்பான், விழுந்தா தன் கைன்னு சொல்லிக்குவான்." அனுபவம் என்று டிவியில் சொல்வதில் உருப்படியான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். எட்டடி பட்டின் சரிபாதியை இன்னும் ஒரு நூலளவு தன் பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான்.

அந்த நூலளவு எவ்வளவு பெரியது என்பதற்கு 2009 டர்ன்பெரி போதும். டாம் வாட்சன், வயது 59, பிரிட்டிஷ் ஓப்பனை அதற்குமுன் ஐந்து முறை வென்றவர். கடைசிக் குழியில் பார் எடுத்தால், அதாவது அந்தக் குழிக்கு விதித்த எண்ணிக்கையில் முடித்தால், ஆறாவது. எட்டாம் எண் இரும்பு மட்டையால் அடித்த அடி கிரீனைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. திருப்பி உருட்டினார், குழியைக் கடந்து ஓடியது. மிச்சம் இருந்த தூரம் சுமார் எட்டடி. விழவில்லை. கூடுதல் நான்கு குழியில் ஸ்டூவர்ட் சிங்க் ஆறு ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். மறுநாள் வயசாகிவிட்டது, கால் தளர்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. காசு மறுபக்கம் விழுந்திருந்தால் அதே ஊர் வயது வெறும் எண் என்று பேசியிருக்கும்.

சித்தப்பா இதை ஏற்கவில்லை. ஊரடங்கில் வேறு வேலையும் இல்லை. பின்வாசல் மண்தரையில் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை விளிம்பு வரை புதைத்தோம். எட்டடி அளந்து கோடு போட்டோம். துரை கொடுத்த பட்டர், பந்து உருட்டும் மட்டை, ஒன்று பரணில் கிடந்தது. தினம் காலையில் பத்துப் பந்து, ஐந்து நாள். விழுந்தது 6, 3, 7, 4, 3. ஒவ்வொரு நாளுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. இரண்டாம் நாள் தூக்கம் சரியில்லை. மூன்றாம் நாள் பிடியை மாற்றினார். கடைசி நாள் சித்தி பின்னால் நின்று பேச்சுக் கொடுத்தது.

அன்று ராத்திரி நான் இருபது சென் காசைப் பத்துப் பத்தாக ஐந்து தடவை சுண்டி, பூ விழுந்த கணக்கை அதே தாளில் அவருடையதற்குக் கீழே எழுதி வைத்தேன்: 5, 7, 4, 4, 6.

காலையில் தேத்தண்ணியோடு தாளை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கீழ் வரிசையில் விரலை வைத்தார்.

"யாருடா இவன்? ரெண்டாம் நாளு நல்ல கை. அதுக்கப்புறம் அவசரப்பட்டுட்டான். ஆனா பாரு, கடைசியில சுதாரிச்சுக்கிட்டான்."